லாரி இன்ஜினுக்கு 1500 வாட் கூலன்ட் ஹீட்டர்: ஹாரிஸ்மித் குளிருக்குப் போதுமா?

ஆடி மாதம் தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம். ஆனாலும் கடலோர டர்பன் கோயில்களில் கூழ் ஊற்றும்போது நடுப்பகலில் ஸ்வெட்டர் தேவைப்படாது. அன்று மாலையே சரக்கேற்றிக்கொண்டு என்3 சாலையில் கிளம்பி, வான் ரீனன் கணவாய் ஏறி ஹாரிஸ்மித்தில் நிறுத்தும் லாரியின் கண்ணாடியில் விடியற்காலையில் உறைபனி படிந்திருக்கும். ஒரே இரவில் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்துக்கு வந்தாயிற்று. செல்ஃப் அடித்தால் இன்ஜின் முனகுகிறது, வெள்ளைப் புகை கக்குகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. இதற்கு மருந்தாக உதிரிபாகக் கடைகளில் விற்கும் தொட்டி வகை கூலன்ட் ஹீட்டரைப் பற்றியது இந்த மதிப்புரை. இன்ஜினுக்குள் ஓடும் குளிரூட்டும் திரவமான கூலன்டைச் சுவர் மின்சாரத்தில் சூடாக்கி வைப்பது இதன் வேலை. 230 வோல்ட், 1500 வாட். 10 முதல் 13 லிட்டர் வரையுள்ள ஆறு சிலிண்டர் இன்ஜின்களுக்கு இந்த அளவுதான் பொருத்தம்.

இரவில் பிளக் பாயின்ட் கிடைக்கும் யார்டில் நிற்கும் லாரிக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். சாலையோரம் நிறுத்தித் தூங்கும் ஓட்டுநருக்கு இது தண்டச் செலவு. 2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில் பனி கொட்டி என்3 மூடப்பட்டு, வண்டிகள் கணவாய்ப் பக்கம் இரவு முழுக்க மாட்டிக்கொண்டபோது இந்த ஹீட்டர் யாருக்கும் உதவியிருக்காது. அப்படிப்பட்ட ஓட்டத்துக்கு டீசலிலேயே எரியும் கூலன்ட் ஹீட்டர்தான் சரி. விலை பல மடங்கு அதிகம், ஆனால் சுவர் மின்சாரம் வேண்டாம்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை இறுக்கி அழுத்தும்போது எழும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டும் பனிக்கட்டி போல் இருந்தால் அந்தச் சூட்டை இரும்பு உறிஞ்சிவிடும். ஆயில் கெட்டியாகி இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால், உறிஞ்ச நேரமும் கூடுதலாகக் கிடைக்கிறது. இதற்கு மேல் ஹாரிஸ்மித் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய 17 சதவீதம் குறைவு. சிலிண்டருக்குள் வரும் காற்றே குறைவு. அதனால்தான் டர்பனில் ஒரே சுற்றில் பிடிக்கும் இன்ஜின் மேலே போனதும் அடம் பிடிக்கிறது. வெளியே வரும் வெள்ளைப் புகை எரியாத டீசல். அது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே ஆயில் தேங்கும் சம்ப்புக்குப் போகிறது. காலைச் சிரமத்தைவிட இந்தத் தேய்மானம்தான் பெரிய நஷ்டம்.

ஹீட்டரின் வேலை எளிது. அலுமினியத் தொட்டிக்குள் ஒரு எலிமென்ட், ஒரு தெர்மோஸ்டாட், ஒருவழி வால்வு. பம்ப் கிடையாது. சூடான கூலன்ட் தானாக மேலே ஏறி ஹெட்டுக்குப் போகும், குளிர்ந்தது பிளாக்கின் அடியிலிருந்து தொட்டிக்குள் இறங்கும். தெர்மோஸ்டாட் சுமார் 38 டிகிரியில் மின்சாரத்தைச் சேர்த்து 49 டிகிரியில் துண்டிக்கிறது. எத்தனை மணி நேரம் வேண்டும் என்று கணக்குப் போடலாம். ஒரு டன் இரும்பையும் 40 லிட்டர் கூலன்டையும் 30 டிகிரி உயர்த்த ஏறக்குறைய 5 யூனிட் மின்சாரம் தேவை. 1500 வாட்டில் அது மூன்றே கால் மணி நேரம். காற்றில் போகும் சூட்டையும் சேர்த்து 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தில் தயார் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். மறுபக்கம், இரவு முழுக்க இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டால் மணிக்கு 2 முதல் 3 லிட்டர் டீசல் போகும். அந்த 4 மணி நேரத்துக்கான 6 யூனிட் மின்கட்டணத்தையும் எட்டு மணி நேர டீசலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே போதும்.

இனி பொருத்துவது. இந்த ஹீட்டரின் ஆயுள் முழுக்க இதில்தான் இருக்கிறது. தொட்டியை இன்ஜினில் நேரடியாக முடுக்கக் கூடாது, அதிர்வில் எலிமென்ட் உடையும். சேஸிஸில் ரப்பர் வாஷரோடு, பிளாக்கிலிருந்து கூலன்டை வடிக்கும் டிரெயின் பிளக்கைவிடத் தாழ்வாக மாட்ட வேண்டும். உள்ளே வரும் ஹோஸ் அந்த டிரெயின் பிளக் துளையிலிருந்து வரட்டும். வெளியே போகும் ஹோஸ் இன்ஜினின் மறுமுனையில், ஹெட்டின் மேல்பக்கம் சேர வேண்டும். அதுவும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் இன்ஜின் தெர்மோஸ்டாட்டுக்கு உள்பக்கமாக. ரேடியேட்டர் பக்கத்தில் கொண்டு சேர்த்தால் சூடு போய்ச் சேரும் வழியே இருக்காது. வெளியே போகும் ஹோஸ் தொட்டியிலிருந்து கடைசி வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் தொங்கி மறுபடி ஏறினால் அந்த வளைவில் காற்று நிற்கும், ஓட்டம் நிற்கும்.

ஏர்லாக், அதாவது உள்ளே சிக்கிய காற்றை, எடுக்காமல் பிளக்கைச் சொருகுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கூலன்டை நிரப்பி, கேபின் ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்து இன்ஜின் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓட விடுங்கள். ஆறிய பிறகு அளவு பார்த்து மறுபடி நிரப்புங்கள். அதற்குப் பிறகுதான் மின்சாரம். 20 நிமிடம் கழித்து இரண்டு ஹோஸையும் கையால் தொட்டுப் பார்க்கலாம். மேல் ஹோஸ் நல்ல சூடாகவும் கீழ் ஹோஸ் குளிர்ச்சியாகவும் இருந்தால் சரி. வால்வு விட்டுவிட்டுத் தட்டும் சத்தமும் கேட்கும், அது நல்ல அறிகுறி. தொட்டி மட்டும் கொதித்து இரண்டு ஹோஸும் ஜில்லென்று இருந்தால் உள்ளே காற்று நிற்கிறது, உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். அப்படி எரிந்துபோன எலிமென்டைக் கழற்றிப் பார்த்தால் குழாய் ஒரு பக்கம் மட்டும் கருத்து ஊதியிருக்கும். காற்று நின்ற இடம் அதுதான்.

வெறும் தண்ணீரில் ஓடும் லாரிக்கு இதைப் பொருத்தவே கூடாது. டர்பனில் மட்டும் ஓடிப் பழகிய வண்டிகளில் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தண்ணீர் உறைந்தால் பிளாக் விரிசல் விடும். உறையாவிட்டாலும் எலிமென்ட் மேல் உப்புப் படிந்து சூடு வெளியேறாமல் எரியும். எத்திலீன் கிளைக்கால் பாதி, உப்பு நீக்கிய தண்ணீர் பாதி. இந்தக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். அதிகம் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைத்து 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். கிளைக்கால் கூடக்கூடச் சூட்டைக் கடத்தும் திறன் குறைகிறது. கலவையின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

பெட்டியோடு வரும் துணைச் சாமான்கள்தான் இந்தப் பொருளின் பெரிய குறை. சாதா ரப்பர் ஹோஸ் கொடுக்கிறார்கள், தொட்டி வாய்க்குப் பக்கத்தில் சூட்டில் அது ஒரு பருவத்திலேயே விறைத்து வெடிப்பு விடும். சிலிக்கான் ஹோஸ் தனியாக வாங்குங்கள். கொடுத்திருக்கும் திருகு கிளாம்ப்பை அதன் மேல் போட்டால் அதன் பற்கள் சிலிக்கானை வெட்டும், குளிரில் ஹோஸ் சுருங்கும்போது சொட்டும். ஸ்பிரிங் கிளாம்ப் போடுங்கள், சுருங்கினாலும் பிடி விடாது. வயரும் குட்டைதான், ஒன்றரை மீட்டர். யார்டில் 20 மீட்டர் நீட்ட வேண்டியிருந்தால் 2.5 சதுர மில்லிமீட்டர் ரப்பர் வயரும் மூன்று உருண்டைக் கால் பிளக்கும் எடுங்கள். ஹீட்டர் இழுப்பது ஆறரை ஆம்பியர்தான், ஆனால் அது மணிக்கணக்கில் தொடர்ந்து இழுக்கும். சுருட்டிய வயர் உருகிவிடும், முழுக்கப் பிரித்துப் போடுங்கள். இணைப்பில் ஈரம் புகுந்தால் மின்கசிவு கண்டதும் அணையும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் தட்டிவிட்டு வரிசையில் உள்ள எல்லா லாரிக்கும் மின்சாரம் போகும். இணைப்பைத் தரையில் கிடத்தாமல் பம்பரில் தொங்கவிட்டாலே பாதித் தொல்லை தீரும்.

டைமர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முள் சுற்றும் சாதா டைமர் மின்வெட்டில் நின்றுவிடும், மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து ஓடும். இரண்டு மணி நேரம் லோட்ஷெடிங் என்றால் ஹீட்டரும் இரண்டு மணி நேரம் தாமதமாகும். பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர் வாங்குவது நல்லது.

இந்த ஹீட்டர் செய்யாத வேலைகளையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இது ஹெட்டையும் பிளாக்கின் மேல்பாதியையும் சுட வைக்கும், சம்ப்பில் உள்ள ஆயிலுக்குச் சூடு அவ்வளவாகப் போகாது. அதற்காகக் குளிரில் இன்னும் இளகி ஓடும், விலை கூடிய 5டபிள்யூ-40 ஆயிலுக்கு ஓட வேண்டியதில்லை. வழக்கமான 15டபிள்யூ ஆயிலின் குளிர்ச் சோதனையே மைனஸ் 20 டிகிரியில் நடக்கிறது, ஹாரிஸ்மித் இரவுக்கு அது தாராளம். பேட்டரிக்கும் ஹீட்டரால் பயனில்லை. செல்ஃப் அடிக்கும்போது 12 வோல்ட் பேட்டரி ஒன்றில் அழுத்தம் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், முதலில் செலவழிக்க வேண்டியது பேட்டரிக்கு.

டீசலும் அப்படியே. குளிரில் டீசலிலுள்ள மெழுகு பிரிந்து ஃபில்டரை அடைக்கும். இன்ஜின் பிடித்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடி, ஆக்ஸிலரேட்டர் மிதித்ததும் மூச்சு வாங்கி நின்றால் கோளாறு அங்கேதான், கூலன்ட் ஹீட்டரைக் குறை சொல்லக் கூடாது. மே மாதமே புது ஃபில்டர் போடுங்கள். வாட்டர் செபரேட்டரைத் தினமும் மாலையில் திறந்து தண்ணீரை வடியுங்கள். மெழுகு தடுக்கும் மருந்தை டீசல் குளிரும் முன்பே, டேங்க் நிரப்பும்போது ஊற்ற வேண்டும். கட்டிய மெழுகை அது கரைக்காது. மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். சட்டச் சிக்கல் ஒருபக்கம், வழுவழுப்பு குறைந்து இன்ஜெக்டரும் பம்ப்பும் தேயும் என்பது மறுபக்கம். இன்ஜின் பிடிக்க அடிக்கும் ஈதர் ஸ்பிரே இன்னும் ஆபத்து. காற்று நுழையும் வழியில் ஹீட்டர் கிரிட் உள்ள இன்ஜினில் அதை அடித்தால் வெடிக்கும்.

செப்டம்பர் முடிந்ததும் பிளக் முனைக்கு மூடி போட்டுவிட்டு மல்டிமீட்டரில் ஒருமுறை அளந்து வையுங்கள். தொட்டி குளிர்ந்திருக்கும்போது பிளக்கின் இரண்டு கால்களுக்கு நடுவே சுமார் 35 ஓம் காட்ட வேண்டும். முள் அசையாவிட்டால் எலிமென்ட் போயிருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கும். ஏதாவது ஒரு காலுக்கும் எர்த் காலுக்கும் நடுவே ஓட்டம் காட்டினால் எலிமென்டின் உறை ஓட்டையாகிவிட்டது, அந்த ஹீட்டரை அடுத்த குளிருக்கு வைத்திருக்காமல் அன்றே கழற்றிவிடுங்கள்.