ரஷ்யாவை விட்டு விலகும் இரண்டு வழிகள்: அஜர்பைஜானும் ஆர்மீனியாவும்

இரண்டு நாடுகளும் ரஷ்ய ஆயுதங்களைக் குறைத்துக்கொண்டு வேறு இடங்களில் வாங்குகின்றன என்று செய்திகள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. ஆனால் ஒன்று வசதியாக இருந்தபோதே விலகியது. மற்றொன்று அடிவாங்கிய பிறகுதான் வேறு கதவைத் தட்டியது.

ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை அஜர்பைஜான் 1999இலேயே புதுப்பிக்காமல் விட்டுவிட்டது. வியாபாரத்தை மட்டும் முறிக்கவில்லை. எண்ணெய்ப் பணம் இருந்தது. டி-90 டாங்கிகளை ரஷ்யாவிடமும், ஹாரோப் ட்ரோன்களை இஸ்ரேலிடமும், பைரக்தார் ட்ரோன்களைத் துருக்கியிடமும் வாங்கியது. நகோர்னோ-கராபாக் பகுதிக்காக ஆர்மீனியாவுடன் 44 நாள் நடந்த 2020 போரில் அதன் பலன் தெரிந்தது. 2021 ஜூனில் துருக்கியுடன் கையெழுத்தான சூஷா பிரகடனத்தின்படி, ஒரு நாடு தாக்கப்பட்டால் மற்றது உதவ வேண்டும். ஆக, ட்ரோன் விற்ற துருக்கியே துணைக்கும் நிற்கிறது. 2024இல் பாகிஸ்தானின் ஜேஎஃப்-17 போர் விமானமும் வந்தது.

ஆர்மீனியா இதற்கு நேர் எதிர். 2011 முதல் 2020 வரை அதன் பெரிய ஆயுத இறக்குமதியில் சுமார் 94 சதவீதம் ரஷ்யாவிடமிருந்துதான். 2019இல் நான்கு சுகோய்-30 விமானங்களை வாங்கியது. 2020 போரில் அவை பயன்படவே இல்லை. அவற்றுக்கு ஏவுகணை வாங்கவில்லை என்று பிரதமர் பஷின்யானே பின்னர் ஒப்புக்கொண்டார். 2022 செப்டம்பரில் தன் ஜெர்முக் நகரின் பக்கம் அஜர்பைஜான் தாக்கியபோது, தான் உறுப்பினராக உள்ள ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்புக் கூட்டமைப்பிடம் ஆர்மீனியா உதவி கேட்டது. நிலைமையைப் பார்வையிட ஆள் வந்தது, படை வரவில்லை. ரஷ்யாவிடம் பணம் கட்டிய ஆயுதங்களும் வந்து சேரவில்லை. 2024 பிப்ரவரியில், கூட்டமைப்பில் தன் பங்கேற்பை முடக்கிவிட்டதாக ஆர்மீனியா அறிவித்தது.

அந்த இடத்தை இந்தியாவும் பிரான்ஸும் நிரப்புகின்றன. ஸ்வாதி ரேடார், பினாகா ராக்கெட், ஆகாஷ் ஏவுகணை எல்லாம் இந்தியாவிலிருந்து. ஜிஎம்200 ரேடார்களும் 36 சீசர் பீரங்கிகளும் பிரான்ஸிலிருந்து. (அஜர்பைஜானிடம் உள்ள பராக்-8 வான்பாதுகாப்பு ஏவுகணை இந்தியாவும் இஸ்ரேலும் சேர்ந்து உருவாக்கியது என்பது ஒரு வேடிக்கை.)

பட்டியல் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு உறுத்துவது வழி. துருக்கி, அஜர்பைஜான் எல்லைகள் மூடிக்கிடக்கும் வரை எதுவானாலும் ஜார்ஜியா அல்லது ஈரான் வழியாகத்தான் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானுக்கு வர வேண்டும். 2023 நவம்பரில் பிரெஞ்சுக் கவச வண்டிகள் ஜார்ஜியா வழியாகப் போனதற்கே அஜர்பைஜான் தலைநகர் பாகு கண்டனம் தெரிவித்தது. அஜர்பைஜானுக்கு அந்தக் கவலை இல்லை. காஸ்பியன் கடல் இருக்கிறது, நட்பான ஜார்ஜியாவும் இருக்கிறது.

வாங்கும் திறமையில் ஆர்மீனியாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆகாஷும் பிரெஞ்சு ரேடாரும் அதன் வான்பரப்பைக் காக்க ஏற்றவைதான். ஆனால் தாக்கினால் படை அனுப்புவோம் என்று டெல்லியோ பாரிஸோ கையெழுத்துப் போடவில்லை. அதனால்தான் யெரெவான் விமான நிலையத்திலிருந்து ரஷ்ய எல்லைக் காவலர்களை 2024இல் அனுப்பிவிட்ட ஆர்மீனியா, 2044 வரை ஒப்பந்தம் உள்ள, தன் கியூம்ரி நகரிலிருக்கும் ரஷ்ய ராணுவத் தளத்தில் கைவைக்கவில்லை.