அஃபெக்ட்டா, எஃபெக்ட்டா? இலவச இணைய அகராதிகளில் எதைத் திறக்கலாம்

ஒரு ஆங்கில அகராதி நமக்கு உதவுமா என்று பார்க்க அபூர்வமான சொல் எதையும் தேட வேண்டாம். ஏ எழுத்தில் தொடங்கும் அஃபெக்ட், ஈ எழுத்தில் தொடங்கும் எஃபெக்ட், இந்த இரண்டையும் போட்டுப் பாருங்கள். அரசாணை, மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாள், வங்கிக் கடிதம், தேர்வுத்தாள் என எல்லா இடத்திலும் வருகிற சொற்கள் இவை. எழுதும்போது நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கும் கை ஒரு நொடி நின்றுவிடும். காசில்லாமல் பார்க்கக் கிடைக்கும் ஆக்ஸ்ஃபோர்ட், காலின்ஸ், லாங்மேன், மெரியம்-வெப்ஸ்டர், கேம்பிரிட்ஜ் ஆகிய ஐந்து தளங்களை இந்த ஜோடியை வைத்தே இங்கே பார்க்கலாம்.

முதலில், அகராதி எதைச் சொல்ல வேண்டும்? ஏ-யில் தொடங்குவது பெரும்பாலும் வினை. ஒன்றின் மேல் தாக்கம் உண்டாக்குவது, அதை மாற்றுவது என்று பொருள். ஈ-யில் தொடங்குவது பெரும்பாலும் பெயர். அந்தத் தாக்கம், விளைவு. பள்ளியில் இதோடு நிறுத்திவிடுவார்கள். குழப்பமே இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஈ-யில் தொடங்குவது வினையாகவும் வரும், அப்போது அதன் பொருள் 'நிகழ்த்து', 'செய்து முடி'. 'எஃபெக்ட் எ சேஞ்ச்' என்றால் மாற்றத்தைக் கொண்டுவருவது. அதையே ஏ போட்டு எழுதினால், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் மாற்றத்தில் போய்க் கைவைப்பது என்றாகிவிடும். 'எஃபெக்ட் பேமென்ட்' என்று வங்கிக் கடிதத்தில் இருந்தால் பணத்தைச் செலுத்து என்று அர்த்தம். அங்கே ஏ போட்டால் வாக்கியமே விழுந்துவிடும்.

ஏ-யில் தொடங்குவது பெயராகவும் வரும். அது மனநல மருத்துவத்தின் சொல். நோயாளியின் முகத்திலும் குரலிலும் வெளிப்படும் உணர்ச்சியைக் குறிக்கும். கேஸ் ஷீட்டில் மனநிலைப் பரிசோதனைப் பகுதியில் 'மூட்' என்பதற்குப் பக்கத்திலேயே 'அஃபெக்ட்' என்று ஒரு வரி இருக்கும். அங்கே 'ஃபிளாட்' என்று குறித்திருந்தால் உணர்ச்சி வெளிப்பாடு மிகக் குறைவு என்று பொருள். இதைப் படிக்கும் வீட்டார் 'பாதிப்பு' என்று எடுத்துக்கொண்டால் வீண் பயம்தான் மிஞ்சும். இந்தப் பெயர்ச்சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழும், வினையில் இரண்டாவது அசையில் விழும். இது தவிர 'பாசாங்கு செய்' என்று ஒரு பொருளும் ஏ-வினைக்கு உண்டு. வலிந்து பேசும் உச்சரிப்பை 'அஃபெக்டட் ஆக்சென்ட்' என்பது அதிலிருந்து வந்ததுதான்.

தமிழ் வழியாக ஆங்கிலம் படித்தவர்களுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. ஏ-வினைக்கு நம் மனதில் பதிந்த தமிழ்ச்சொல் 'பாதி'. தமிழில் பாதிப்பது எப்போதும் கெட்டதுதான். ஆங்கிலத்தில் நல்ல மாற்றத்துக்கும் அதே வினை வரும். அதோடு 'பயிர் மீது' என்ற நம் 'மீது' ஆங்கிலத்துக்குள்ளும் நுழைந்து, 'ரெய்ன் அஃபெக்டட் ஆன் தி க்ராப்ஸ்' என்று எழுத வைக்கிறது. அங்கே 'ஆன்' வரக் கூடாது. ஈ-பெயரோடுதான் 'ஆன்' வரும்: 'ஹேவ் அன் எஃபெக்ட் ஆன்'. பொருளைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாத அகராதி நமக்குப் பாதி வேலைதான் செய்கிறது.

இந்த இடத்தில் காலின்ஸ் தளம் மற்ற நான்கையும் முந்திவிடுகிறது. அங்கே ஒரு சொல்லைத் தேடினால் மேலே முதலில் வருவது கோபில்ட் அகராதியின் பதிவு. பேராசிரியர் ஜான் சின்க்ளேர் தலைமையில் 1987-ல் வந்த கோபில்ட், பொருளைத் துண்டுச் சொல்லாகத் தராமல் முழு வாக்கியமாகத் தரும். 'ஒன்று ஒரு ஆளையோ பொருளையோ அஃபெக்ட் செய்தால்...' என்கிற மாதிரி விளக்கம் போகும். அதைப் படிக்கும்போதே அந்த வினைக்குப் பின்னால் எது வரவேண்டும் என்பது மனதில் ஏறிவிடும். எடுத்துக்காட்டு வாக்கியத்தின் முடிவில் சதுர அடைப்புக்குள் 'வெர்ப், நவுன்' என்று ஒரு குறிப்பு இருக்கிறது பாருங்கள், அதைத் தாண்டிப் போகாதீர்கள். வினைக்குப் பின் நேராகப் பெயர்ச்சொல், நடுவில் 'ஆன்' கிடையாது என்று அர்த்தம். ஈ-பெயரின் பதிவில் இதே இடத்தில் கூட்டல் குறியோடு 'ஆன்' இருக்கும். ஒரு எச்சரிக்கை: பக்கத்தைக் கீழே இழுத்தால் பிரிட்டிஷ் அகராதி, அமெரிக்க அகராதி என்று பதிவுகள் அடுத்தடுத்து வரும். கற்றுக்கொள்பவருக்கு முதல் பதிவு போதும்.

ஆனாலும் ஐந்தில் எதை முதலில் திறப்பது என்று கேட்டால், ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் தளத்தைத்தான் சொல்ல வேண்டும். இதன் மூல அகராதியை உருவாக்கிய ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அங்கே அவர் தன் நண்பர்களோடு சேர்ந்து தொகுத்தது 1942-ல் வெளியானது. ஆக்ஸ்ஃபோர்ட் அதை 1948-ல் வெளியிட்டது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர் எங்கே தடுக்குவார் என்பதை வைத்தே வளர்ந்த அகராதி என்பதால், குழப்பும் ஜோடிகளுக்கென்று 'விச் வேர்ட்' என்ற தனிப் பெட்டியே வைத்திருக்கிறார்கள். நம் ஜோடிக்கும் அது உண்டு. ஏ-வினை, ஈ-பெயர், ஈ-வினை மூன்றையும் எடுத்துக்காட்டோடு அடுத்தடுத்து வைத்துக் காட்டும். பெட்டி மூடியிருக்கும், தலைப்பைத் தொட்டால்தான் விரியும். பொருளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

அதே பக்கத்தில் மரபுத்தொடர் பகுதியையும் பார்த்துவிடுங்கள். 'டேக் எஃபெக்ட்', 'கம் இன்டு எஃபெக்ட்', 'இன் எஃபெக்ட்', 'வித் எஃபெக்ட் ஃப்ரம்' எல்லாம் அங்கே இருக்கின்றன. நம் அரசாணைகளிலும் சம்பள உயர்வுக் கடிதங்களிலும் தேதிக்கு முன்னால் வருவது இந்தக் கடைசித் தொடர்தான். 'அந்தத் தேதி முதல் நடைமுறைக்கு வரும்' என்று பொருள். இந்தத் தொடர்கள் எல்லாவற்றிலும் ஈ-தான். ஒன்றில்கூட ஏ வராது. இது ஒன்றை மனதில் வைத்தாலே அலுவலக ஆங்கிலத்தில் பாதித் தவறு குறையும்.

லாங்மேன் தளத்தின் பலம் சொற்சேர்க்கை. 1978-ல் முதல் பதிப்பு வந்தபோதே, ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள் எல்லா விளக்கமும் அடங்க வேண்டும் என்று வைத்துக்கொண்ட அகராதி இது. அதனால் விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு சொல்லைத் தேடி ஓட வேண்டியதில்லை. ஈ-பெயரோடு எந்த வினை சேரும், எந்த அடைமொழி சேரும் என்று அது அடுக்கித் தரும். கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு இதுதான் வேண்டும். எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்கும் ஒலி உண்டு. தனிச்சொல்லாகக் கேட்பதைவிட வாக்கியத்தில் கேட்பது காதுக்கு நல்ல பயிற்சி.

ஒலியைப் பற்றிப் பேசும்போது மெரியம்-வெப்ஸ்டரைச் சொல்ல வேண்டும். 'இரண்டும் ஒரே மாதிரி கேட்கிறதே, என் காதில்தான் கோளாறா?' என்று நினைப்பவர்களுக்கு அங்கே ஆறுதல் இருக்கிறது. ஈ-சொல்லுக்கு அவர்கள் தரும் உச்சரிப்புகளில் ஒன்று, ஏ-வினையின் உச்சரிப்பேதான். அமெரிக்கப் பேச்சில் இரண்டும் ஒன்றாகவே கலந்துவிடும். பிரிட்டிஷ் வழக்கில் ஈ-சொல் 'இஃபெக்ட்' என்று குறில் இகரத்தில் தொடங்கும். நாம் அழுத்திச் சொல்லும் 'எஃபெக்ட்' கொஞ்சம் நம் ஊர் உச்சரிப்புதான். ஆகவே காதை நம்பி எழுத்தைத் தீர்மானிக்க முடியாது. இடம்தான் வழிகாட்டி. 'தி', 'அன்', 'எனி' இவற்றுக்குப் பின்னால் வந்தால் ஏறக்குறைய எப்போதும் ஈ. மெரியம்-வெப்ஸ்டரின் உச்சரிப்புக் குறிகள் அவர்களுக்கே உரியவை, மற்ற அகராதிகளின் பன்னாட்டுக் குறிகளோடு பொருந்தாது. புதியவர்கள் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டுக் கேட்பதே மேல். இது அமெரிக்க அகராதி என்பதும் நினைவிருக்கட்டும். நம் ஓட்டுநர் உரிமத்தில் அச்சாகும் 'லைசென்ஸ்' பிரிட்டிஷ் முறைப்படி சி-யோடு வரும் பெயர்ச்சொல். அமெரிக்கர்கள் பெயருக்கும் வினைக்கும் எஸ்தான் போடுவார்கள். எந்த அகராதி என்று பாராமல் எழுத்துக்கூட்டலை அப்படியே எடுத்தால் நம் ஊர் விண்ணப்பத்தில் அது ஒட்டாது.

கேம்பிரிட்ஜ் தளத்தில் பிரிட்டிஷ், அமெரிக்க ஒலிகள் தனித்தனிப் பொத்தானில் இருப்பது இன்னொரு ஜோடிக்கு மிகவும் உதவும். தொலைத்துவிடு என்ற 'லூஸ்' ஒற்றை ஓ-வோடு வரும், தளர்வான 'லூஸ்' இரட்டை ஓ-வோடு வரும். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறோம், ஒரே மாதிரி சொல்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவது இசட் ஒலியில் முடியும், இரண்டாவது எஸ் ஒலியில் முடியும். இரண்டு பக்கங்களையும் திறந்து மாற்றி மாற்றிக் கேட்டால் வித்தியாசம் பிடிபடும். 'அட்வைஸ்' ஜோடிக்கும் இதே வைத்தியம்தான்: சி-யோடு எழுதும் பெயரில் எஸ் ஒலி, எஸ்-ஸோடு எழுதும் வினையில் இசட் ஒலி. இதே தளத்தில் ஆங்கிலம்-தமிழ் அகராதியும் உண்டு. ஆங்கில விளக்கத்தோடு தமிழ்ச்சொல்லும் கிடைக்கும். அதைக் கடைசியில் பார்ப்பது நல்லது. ஆங்கிலப் பதிவில் இது பெயரா வினையா என்று தெளிந்த பிறகு தமிழுக்கு வந்தால், 'பாதிப்பு', 'தாக்கம்', 'விளைவு' மூன்றில் எது பொருந்தும் என்று நீங்களே தேர்ந்துகொள்ளலாம்.

கணினியில் எழுதுகிறவர்கள் சிவப்புக் கோட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். இரண்டு சொல்லுமே சரியான எழுத்துக்கூட்டல் உள்ளவை என்பதால் எழுத்துப்பிழைச் சோதனையில் சிக்காது. மைக்ரோசாஃப்ட் வேர்ட் 2016-ல் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் என்று போய் 'ஃப்ரீக்வென்ட்லி கன்ஃப்யூஸ்ட் வேர்ட்ஸ்' கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இடம் மாறிய சொல்லை நீலக் கோடிட்டுக் காட்ட வாய்ப்பு உண்டு. 'மாற்றத்தை நிகழ்த்து' என்ற ஈ-வினையில் மட்டும் கவனம் தேவை. இலக்கணப்படி அங்கே ஏ போட்டாலும் வாக்கியம் சரிதான், அதனால் மென்பொருள் பெரும்பாலும் பேசாமல் விட்டுவிடும். அங்கே எந்தப் பொருளில் எழுதினோம் என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். ஆக்ஸ்ஃபோர்டின் அந்தப் பெட்டியை விரித்து ஒருமுறை ஒத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.