தீக்காவல் கோபுரமா, செயற்கைக்கோளா?

மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் வறட்சி வந்தாலே ராஜா மூசா காட்டைப் பற்றித்தான் பேச்சு. அங்கே இருப்பது கம்புட் மண், அதாவது இலைதழை மக்கிச் சேர்ந்த சதுப்பு. தீ பிடித்தால் அடியில் கனன்றுகொண்டே இருக்கும்.

காவல் கோபுரங்களுக்கு அமெரிக்காவில் பெரிய வரலாறு உண்டு. 1910 ஆகஸ்டில், ஐடஹோ, மொன்டானா மாநிலங்களில் இரண்டே நாளில் சுமார் 30 இலட்சம் ஏக்கர் காடு எரிந்தது. அதன் பிறகுதான் மலையுச்சிகளில் கோபுரங்கள் பெருகின. உள்ளே வட்ட வரைபடம், அதன்மேல் சுழலும் குறிபார்க்கும் கருவி; ஆஸ்போர்ன் என்ற வனத்துறைக்காரர் உருவாக்கியது. இரண்டு கோபுரங்களிலிருந்து திசைக்கோடு போட்டால், அவை வெட்டும் இடமே தீ. எளிமையான, அருமையான யோசனை!

செயற்கைக்கோளில் உள்ள விஐஐஆர்எஸ் என்ற உணர்கருவி 375 மீட்டர் கட்டங்களாக வெப்பத்தைப் பார்க்கிறது. ஆள் ஏற முடியாத காடும் அதில் தெரியும். ஆனால் மேகம் மறைத்தால் பார்வை போச்சு. மண்ணுக்கடியில் கனல்வதும் எளிதில் தப்பிவிடும்.

சரி, எங்கள் தோட்டத்துக்கு எது? நான் கோபுரத்தையே கேட்பேன். அடுத்த செயற்கைக்கோள் கடக்கும்வரை காத்திராமல், முதல் புகையிலேயே காவலாளி கூப்பிட்டுவிடுவார். 1997, 2015 போலப் புகைமூட்டம் கவிந்தால் மட்டும் கோபுரத்துக்கும் கண் தெரியாது. அன்றைக்குச் செயற்கைக்கோள்தான் துணை. அப்புறம், சதுப்பின் நீரை வடிக்கும் வாய்க்காலை அடைத்து மண்ணை ஈரமாக வைப்பதை இரண்டுமே செய்யாது; அதை நாம்தான் செய்ய வேண்டும்.