பழைய பங்களாவைப் புதுப்பிக்கக் கொடுத்து ஏமாந்தேன்

குன்னூரில் பெரியப்பா விட்டுப்போன பங்களா, வெள்ளைக்காரர் காலத்து வீடு. கூரை விளிம்பில் பூவேலை செய்த மரப்பலகை, முன்னறையில் வெளியே புடைத்து நிற்கும் தேக்கு ஜன்னல், இரண்டு கணப்பு, மேலே மங்களூர் ஓடு. "அக்கா, நாங்க பழைய பங்களா மட்டும்தான் பண்றோம், ஒரு ஆணிகூட மாறாது" என்றார் காண்ட்ராக்டர். 11 லட்சம் பேசி 4 லட்சம் முன்பணம் கொடுத்தேன்.

நான் இருப்பது கோயம்புத்தூரில். பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் மேலே போவேன். அது அவருக்கு வசதியாகிவிட்டது.

சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு என்றுதான் பேச்சு. சுண்ணாம்பை முன்னாடியே நீற்றி ஊறவைக்க வேண்டும். எங்கள் முற்றத்தில் தொட்டியே இல்லை, மூலையில் சிமெண்ட் மூட்டை. கேட்டால், "அது பாத்ரூமுக்கு அக்கா." நம்பினேன். நாலே நாளில் ஹால் முழுக்கப் பூசி முடித்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஐப்பசி வந்தது. குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழை கனமாகவே பெய்யும். பழைய செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் குடித்த ஈரத்தை வெயில் கண்டதும் வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட்டைப் போட்டு மூடினால் அது உள்ளேயே தங்கும். கார்த்திகைக்குள் முழங்கால் உயரத்துக்கு ஓதம், பெயிண்டெல்லாம் கொப்பளம், உப்புப் பூத்த சுவர். பெரியப்பா இருந்தவரை அந்த வீட்டில் இப்படிப் பார்த்ததே இல்லை.

ஓடு விஷயம் இன்னும் மோசம். பழைய ஓட்டின் அடியில் செய்தவர்களின் முத்திரை இருக்கும். எங்களுடையது பாசல் மிஷன் ஓடு, 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியவர்கள். ஒழுகுகிறதே என்று பரணில் ஏறி டார்ச் அடித்தால் பாதிக்கு மேல் வேறு முத்திரை. "உடைஞ்சதை மட்டும் மாத்தினோம்" என்றார். பாலிஷ் போட எடுத்துப்போன ஜன்னலோ, ஏதோ லேசான மரத்தில் தேக்கு நிறம் பூசித் திரும்பி வந்திருந்தது. பித்தளைக் கொக்கிகூட இரும்பாகிவிட்டது.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் ஓடு, கதவு, ஜன்னல், கொக்கி எல்லாவற்றையும் எண்ணி, முத்திரை தெரியப் போட்டோ எடுத்து ஒப்பந்தத்தோடு சேருங்கள். மரம் எதையும் கேட்டைத் தாண்ட விடாதீர்கள். பூச்சு என்றால் எந்தப் பூச்சு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் இருப்பது "பூச்சு வேலை" என்ற இரண்டே வார்த்தை. வக்கீல் அதைப் பார்த்துவிட்டு மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

இப்போது வேறொரு கொத்தனார் சிமெண்ட்டைக் கொத்தி எடுக்கிறார். கூடவே செங்கல்லின் மேல்தோலும் பெயர்ந்து வருகிறது.