ஹெச்ஆர்டி எடுக்க யோசிக்கிறவங்களுக்கு: ஜெல்லைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க, ராத்திரி போடுற மாத்திரையப் பத்தியும் கேட்டுக்கங்க

மெனோபாஸுக்கு, அதாவது பீரியட்ஸ் நின்னு போற கட்டத்துக்கு, ஹார்மோன் சிகிச்சை (அதைத்தான் ஹெச்ஆர்டிங்குறாங்க) ஆரம்பிச்சு சில வருஷம் ஆச்சு, தோல்ல தடவுற ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும் ராத்திரி போடுற புரொஜெஸ்டிரோன் மாத்திரையும் இப்பவும் எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தமிழ்ல தேடிப் பாத்தேன், கேன்சர் வந்துரும்னு பயமுறுத்துற பதிவு, இல்லன்னா சோயா ஆளிவிதை வெந்தயம்னு போற பதிவு, வருஷக்கணக்கா எடுத்துக்கிட்ட ஒரு பொம்பள உடம்பு எப்படி இருந்துச்சுன்னு சொன்னது எனக்குக் கிடைக்கவே இல்ல. அதான் நானே எழுதுறேன்.

எனக்கு 47 வயசுல பீரியட்ஸ் தாறுமாறா ஆகி 49ல நின்னுருச்சு. கர்ப்பப்பை, ஓவரி ரெண்டும் இருக்கு. சுகர் இல்ல, பிபி கொஞ்சம் பார்டர், குடும்பத்துல யாருக்கும் மார்பகப் புற்றுநோய் இல்ல, கால்ல ரத்தம் கட்டுனது இல்ல. இதுல ஒண்ணு மாறுனாலும் டாக்டர் எழுதுற மருந்து மாறும், அதனால என் சீட்ட அப்படியே காப்பி அடிக்காதீங்க.

குப்புன்னு வேர்க்குறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பேங்க்ல என் சீட்டு ஏசிக்கு நேர் கீழ, பணம் எண்ணிக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சுல இருந்து சூடு ஏறி முகம் சிவந்து பிளவுஸ் முதுகு நனைஞ்சிரும், அடுத்த நிமிஷம் குளிரும். அதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். தூக்கம் போனதும் கை மூட்டு வலியும்தான் என்னைய ஒடுக்கிப் போட்டுச்சு. நடுராத்திரி முழிப்பு வந்தா விடியுற வரைக்கும் ஃபேனப் பாத்துக்கிட்டே படுத்திருக்கணும், காலையில விரல் மடங்காது, குக்கர் மூடியத் திறக்க மகனைக் கூப்பிடணும். தைராய்டு, யூரிக் ஆசிட், வாதத்துக்கான ரத்த டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு, எல்லாமே நார்மல். ஒரு டாக்டர் "இந்த வயசுல இப்படித்தாம்மா இருக்கும்"னு கால்சியம் எழுதிக் குடுத்து அனுப்பிட்டாரு. எங்க மதினி "பேசாம கர்ப்பப்பைய எடுத்துரு, ஒரேயடியா தொல்லை விட்டுச்சு"ன்னாங்க. நம்ம ஊர்ல எத்தனை பேர் இப்படிச் சொல்றாங்க! பிரச்சினை ஓவரியில ஈஸ்ட்ரோஜன்ங்குற ஹார்மோன் சுரக்குறது நின்னு போறதுல இருக்கு, கர்ப்பப்பைய எடுத்து என்ன பிரயோஜனம், கூடவே ஓவரியவும் சேத்து எடுத்துட்டா அதுவரைக்கும் மெனோபாஸ் வராதவங்களுக்குக்கூட ஒரே நாள்ல வந்துரும்.

அப்புறம் பாத்த லேடி டாக்டர்தான் உக்காந்து பேசுனாங்க. கேன்சர் பயம் எங்க இருந்து வந்துச்சுன்னும் அவங்கதான் சொன்னாங்க. 2002ல அமெரிக்காவுல ஒரு பெரிய ஆய்வ பாதியில நிறுத்துனாங்க, 16,608 பொம்பளைங்க, சராசரி வயசு 63, அதாவது பீரியட்ஸ் நின்னு பத்து வருஷத்துக்கு மேல ஆனவங்கதான் நிறைய. குடுத்தது சினையா இருக்குற குதிரையோட சிறுநீர்ல இருந்து எடுக்குற ஈஸ்ட்ரோஜன், கூட மெட்ராக்ஸிபுரொஜெஸ்டிரோன்ங்குற செயற்கை ஹார்மோன், ரெண்டும் மாத்திரையா. அதுல மார்பகப் புற்றுநோய் வருஷத்துக்கு 10,000 பேருக்கு 8 பேர் கூடுதலா வந்துச்சு. அந்த எட்டு பேரும் மனுஷங்கதான், ரிஸ்க்கே இல்லன்னு நான் சொல்ல வரல. ஆனா 60 வயசுக்குள்ள, இல்லன்னா பீரியட்ஸ் நின்னு பத்து வருஷத்துக்குள்ள ஆரம்பிக்கிறவங்க கணக்கு வேற, அதை உங்க உடம்ப வச்சு டாக்டர்கிட்ட உக்காந்து போட்டுப் பாக்கணும். எனக்கு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மேமோகிராம் (மார்புக்கு எடுக்குற எக்ஸ்ரே), அடிவயிறு ஸ்கேன், கொலஸ்ட்ரால், பிபி எல்லாம் பாத்தாங்க.

எனக்கு எழுதுனது ஈஸ்ட்ரடையால் ஜெல், அதுவும் ஒரு ஈஸ்ட்ரோஜன்தான், 0.06 சதவீதம். 2.5 கிராம் ஜெல்லுல 1.5 மில்லிகிராம் மருந்து இருக்கும், நான் அதுல பாதியில ஆரம்பிச்சு பிறகுதான் கூட்டுனேன். மாத்திரையா முழுங்குனா முதல்ல ஈரலுக்குப் போகும், ரத்தம் உறையுற ரிஸ்க் கூடும், தோல் வழியா போனா அப்படி இல்லன்னு சொன்னாங்க. குளிச்சு ஈரம் துடைச்சிட்டு தோள்பட்டையில இருந்து முழங்கை வரைக்கும் வெளிப்பக்கமா தடவணும், மார்புல தடவக் கூடாது, அஞ்சு நிமிஷம் காயணும். இந்த அஞ்சு நிமிஷம்தான் ஆபீஸ் போற அவசரத்துல பெரிய பாடு, நைட்டியோட நின்னுக்கிட்டே டிஃபன் பாக்ஸ் கட்டுவேன், அப்புறம்தான் பிளவுஸ் போடுவேன். குழந்தைங்க அந்த இடத்துல ஒரசக் கூடாது, அதனால அக்கா பேத்தி வீட்டுக்கு வந்தா அன்னைக்குத் தொடையில தடவிக்கிருவேன். வேர்வை சில வாரத்துலயே குறைஞ்சுருச்சு. விரல் வலி மெதுவாத்தான் விட்டுச்சு, ஆனா விட்டுச்சு.

இப்ப அந்த ராத்திரி மாத்திரைக்கு வர்றேன். கர்ப்பப்பை இருக்குறவங்க ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தா உள்சுவர் தடிச்சுக்கிட்டே போகும், கேன்சர் வரைக்கும் போகலாம், அதனால புரொஜெஸ்டிரோன் கட்டாயம். எனக்கு முதல்ல குடுத்தது அந்த செயற்கை வகைதான். வயிறு உப்பி, மார்பு கனத்து, காரணமே இல்லாம அழுகை வரும், பெட்ரோல் பங்க் க்யூவுல நின்னு அழுதிருக்கேன். "ஹெச்ஆர்டி எனக்கு ஒத்துக்கல"ன்னு சொல்லி நிறுத்துற நிறைய பேர் இந்த இடத்துலதான் நிறுத்துறாங்கன்னு நான் நம்புறேன். ஒத்துக்காதது ரெண்டுல எதுன்னு பாக்காமலே ரெண்டையும் விட்டுர்றாங்க. டாக்டர்கிட்ட சொன்னேன், மைக்ரோனைஸ்டு புரொஜெஸ்டிரோன், அதாவது நம்ம உடம்புல சுரக்குற அதே ஹார்மோன், அதுக்கு மாத்துனாங்க. முதல்ல மாசத்துக்கு 12 நாள் 200 மில்லிகிராம், அப்ப மாசாமாசம் ரத்தப்போக்கு திரும்பி வந்துச்சு, அது எனக்குப் பிடிக்கல, பிறகு தினமும் 100ன்னு ஆச்சு. படுக்கப் போறப்பதான் போடணும், தலை கிறுகிறுன்னு தூக்கம் வரும். மத்தவங்க சைடு எஃபெக்ட்னு சொல்றது எனக்கு வரமா வந்துச்சு, போட்டு அரை மணி நேரத்துல கண்ணு சொக்கிரும். மாத்திரையே ஒத்துக்காதவங்களுக்கு கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹார்மோன் காயில் இருக்கு, அதையும் கேளுங்க.

தினசரி முறைக்கு மாறுன முதல் சில மாசம் லேசா பொட்டுப் பொட்டா படும், அது சகஜம். ஆனா ஆறு மாசம் தாண்டியும் பட்டாலோ, முழுசா நின்ன பிறகு திரும்பப் பட்டாலோ ஸ்கேன் எடுக்காம விடாதீங்க. எனக்கு ஒருதடவை அப்படிப் பட்டுச்சு, ஸ்கேன்ல உள்சுவர் 4 மில்லிமீட்டருக்குள்ளதான் இருந்துச்சு, ரிப்போர்ட் வர்ற வரைக்கும் சோறு இறங்கல.

சரியாகாததையும் சொல்லணும். இடுப்புச் சதை குறையல. முடி கொட்டுறது அப்படியேதான் இருக்கு. யூரின் போறப்ப எரிச்சல், உள்ள வறட்சி, இதுக்கு ஜெல் பத்தல, தனியா எஸ்ட்ரியால்ங்குற இன்னொரு வகை ஈஸ்ட்ரோஜன் கிரீம் குடுத்தாங்க, வாரத்துக்கு ரெண்டு ராத்திரி உள்ள வைக்கணும். உடம்புல மிகக் குறைவாத்தான் கலக்கும். இதைப் பத்திப் பேச வெக்கப்பட்டுக்கிட்டு அடிக்கடி யூரின் இன்ஃபெக்ஷனுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிடுறவங்க நம்ம வீட்டுலயே இருப்பாங்க, எங்க அம்மாவுக்கு எழுபத்து மூணு வயசு, அவங்களுக்கும் இப்ப டாக்டர் இதையே எழுதியிருக்காங்க.

மார்பகப் புற்றுநோய் வந்தவங்க, காரணம் தெரியாத ரத்தப்போக்கு, ஈரல் நோய் இருக்குறவங்க ஜெல், மாத்திரைப் பக்கம் தானா போகாதீங்க, மெடிக்கல்ல கேட்டு வாங்காதீங்க. ஜெல் எல்லாக் கடையிலயும் கிடைக்காது, ஆர்டர் சொன்னா வர நாளாகும், டியூப் பாதி ஆகும்போதே நான் சொல்லி வச்சிர்றேன். வருஷத்துக்கு ஒருக்கா டாக்டரைப் பாக்குறேன், மேமோகிராம் அவங்க சொல்ற கணக்குல எடுக்குறேன். போன தடவை ஜெல் அளவைக் குறைச்சுப் பாக்கலாமான்னு கேட்டாங்க, தீபாவளி முடியட்டும்னு சொல்லியிருக்கேன். குறைச்ச பிறகு விரல் எப்படி இருக்குன்னு வந்து எழுதுறேன்.