ஜிப்பில் மாட்டிய சிவப்பு டேக்கும் என் 7,450 ரூபாயும்: தி.நகரில் ரெடிமேட் எடுப்பவர்கள் தயவுசெய்து படிக்கவும்

இப்போதுதான் கடையிலிருந்து கடைசிப் பதில் வந்தது. "சாரி மேடம், டேக் கட் ஆயிருக்கு, எங்க பாலிசிப்படி எதுவும் பண்ண முடியாது." அவ்வளவுதான். 7,450 ரூபாய் போனது போனதுதான் என்கிறார்கள். ஆறப்போட்டால் நானும் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே உட்கார்ந்து எழுதுகிறேன். ஆடி முடிந்து கல்யாண சீசன் ஆரம்பிக்கிறது. இதே மாதிரி இன்னும் எத்தனை பேர் மாட்டிக்கொள்ளப் போகிறார்களோ. துணி எடுக்கும்போது என்னவெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கடை பெயரைப் போடவில்லை. வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். தி.நகரில் பல மாடிகளில் நடக்கும் பெரிய ரெடிமேட் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உஸ்மான் ரோட்டிலும் பாண்டி பஜாரிலும் அப்படிப்பட்ட கடைகளுக்குப் பஞ்சமில்லை, அதனால் எதுவென்று ஊகிக்க வேண்டாம்.

என் தம்பிக்கு இந்த ஆவணியில் கல்யாணம். வர்ற ஞாயிறு வரவேற்பு. ப்ளஸ் டூ படிக்கும் என் மகளுக்கு மாமா கல்யாணம் என்றால் சும்மாவா, அனார்கலிதான் வேண்டும் என்று பிடிவாதம். குரோம்பேட்டையிலிருந்து ரயில் ஏறி, மாம்பலத்தில் இறங்கி, அந்தக் கூட்டத்தில் இடிபட்டுப் போய்ச் சேர்ந்தோம். மூன்றாவது மாடியில் ஒரு மயில் கழுத்து நிற அனார்கலியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. நெட் துணி, கீழே ஜரிகை பார்டர், இடது பக்கம் அக்குளுக்குக் கீழே ஜிப். எக்ஸெல் சைஸ். அந்த மாடியிலேயே ஒரு சைஸ் அட்டை மாட்டி வைத்திருக்கிறார்கள், எக்ஸெல் என்றால் மார்புச் சுற்றளவு 42 இஞ்ச் என்று. அவளுக்கு அது சரியாக இருக்கும். விலை 7,450. எங்கள் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. இருந்தாலும் ஒரே மகள், ஒரே தாய்மாமன் கல்யாணம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போட்டுப் பார்க்கலாம் என்றால் ட்ரையல் ரூம் பூட்டியிருக்கிறது. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்காகச் சரக்கு அட்டைப்பெட்டிகளை உள்ளே அடுக்கி வைத்திருக்கிறார்களாம். அப்போதுதான் அந்த மாடியின் சூப்பர்வைசர் வந்தார். கழுத்தில் ஐடி கார்டு, நெற்றியில் விபூதி, முப்பது வயது இருக்கும். "அக்கா, கவலையே படாதீங்க. வீட்டுல போட்டுப் பாருங்க. ஏழு நாளைக்குள்ள எப்ப வேணா கொண்டு வாங்க, சைஸ் மாத்தித் தர்றேன். இது தள்ளுபடி ஐட்டம் இல்ல, புது வரவு. டேக் மட்டும் இருக்கணும்."

நான் துணியைப் புரட்டிப் பார்த்தேன். டேக் இரண்டு இருந்தது. ஒன்று கழுத்துப் பக்கம் தொங்கும் விலை அட்டை. இன்னொன்று தடிமனான சிவப்பு பிளாஸ்டிக். அது எங்கே மாட்டியிருந்தது தெரியுமா? ஜிப் இழுக்கும் பிடியில் இருக்கும் ஓட்டைக்குள் நுழைத்து, ஜிப்புக்கு மேலே இருக்கும் கொக்கி வளையத்தோடு சேர்த்து இறுக்கிப் பூட்டியிருந்தது. மேலே இங்கிலீஷில் 'டூ நாட் ரிமூவ்' என்று எழுத்து, கீழே ஒரு சீரியல் நம்பர். நானே அதைத் தொட்டுக் காட்டிக் கேட்டேன். "தம்பி, இத எடுக்காம ஜிப்பே தொறக்காதே, அப்புறம் எப்படிப் போட்டுப் பாக்குறது?"

அவர் அந்தச் சிவப்பு டேக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இது திருட்டுப் போகாம இருக்க மாட்டுறது, அக்கா. பில் போடுற இடத்துல எடுத்துடுவாங்க. எடுக்கலன்னா வீட்டுல கத்தரிக்கோலால கட் பண்ணிக்குங்க. இந்த அட்டை டேக் இருந்தா போதும், நான் சொல்றேன்ல?" என் மகளைப் பார்த்து, "தங்கச்சிக்கு இந்தக் கலர் சூப்பரா இருக்கும்" என்று வேறு சொன்னார். எனக்குத் தம்பி வயதுப் பையன். கடை ஆள். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறார். நம்பினேன். அந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தாலும் நம்பியிருப்பீர்கள்.

பில் போடும் இடத்தில் யாரும் அந்த டேக்கை எடுக்கவில்லை. பேங்க் கார்டில் 7,450 ரூபாய் இழுத்தார்கள், கவரைக் கையில் கொடுத்தார்கள், "அடுத்து" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னபடியே கத்தரிக்கோலால் வெட்டினேன். மகள் தலைவழியாகப் போட்டாள், கை நுழைத்தாள், ஜிப்பை இழுத்தால் விலா எலும்புக்கு மேலே ஏறவே இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்தும் ஏறவில்லை. எங்கள் தெரு டெய்லர் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் மேசையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை டேப் வைத்தார். 19.5 இஞ்ச். இரண்டு பக்கமும் சேர்த்தால் 39. லேபிளில் எக்ஸெல், கடைச் சுவரில் 42, கையில் இருப்பது 39! பிரித்துப் பெரிதாக்கலாமா என்று கேட்டேன். உள்பக்கம் திருப்பிக் காட்டினார். தையலை ஒட்டியே துணியை வெட்டியிருக்கிறார்கள், பிரித்துவிட உள்ளே துணியே இல்லை. "மாத்திட்டு வந்துடும்மா, இத ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

மறுநாளே போனோம். நன்றாகக் கவனியுங்கள், நான் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த சைஸ் கொடுங்கள் என்றுதான் கேட்டேன். பில் இருக்கிறது, விலை அட்டை அப்படியே தொங்குகிறது, வெட்டிய சிவப்பு டேக்கைக்கூட அதே கவரில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் துணியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஜிப்பைப் பார்த்தாள். "சீல் உடைஞ்சிருக்கு மேடம், எடுக்க மாட்டோம்."

மூன்றாவது மாடி சூப்பர்வைசர் சொல்லித்தான் வெட்டினேன் என்றேன். அவர் இந்த வாரம் லீவாம். போன் போட்டுக் கொடுங்கள் என்றால் நம்பர் தர மாட்டார்களாம். அந்த மாடியில் கேமரா இருக்கிறதே, அவர் டேக்கைப் பிடித்துக்கொண்டு பேசியது அதில் பதிவாகியிருக்குமே, போட்டுப் பாருங்கள் என்றேன். "அதெல்லாம் வெளி ஆளுங்களுக்குக் காட்ட முடியாது" என்று பதில்.

அப்புறம் மேனேஜர் வந்தார். அவர் செய்ததை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. பத்திருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். என் மகள் என் பக்கத்திலேயே நிற்கிறாள். அந்த ஆள் அனார்கலியை எடுத்து, அக்குள் பக்கத்தைத் திருப்பி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "ஃபங்ஷனுக்குப் போட்டுட்டு மறுநாள் திருப்பிக் கொண்டு வர்றவங்க நிறைய பேர் மேடம். அதுக்குத்தான் இந்த சீல்" என்றார். என் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமே இன்னும் நடக்கவில்லை, பத்திரிகை என் ஹேண்ட்பேக்கில் இருக்கிறது, எடுத்துக் காட்டினேன். அதை அவர் கையில்கூட வாங்கவில்லை. 39 இஞ்ச் விஷயத்தைச் சொல்லி, "டேப் வெச்சு நீங்களே அளந்து பாருங்க சார்" என்றேன். "சீல் உடைச்சிட்டா அளவு பேசக் கூடாது" என்றார். இது என்ன நியாயம்? சீலை உடைக்காமல் போட்டே பார்க்க முடியாது, போட்டுப் பார்க்காமல் அளவு தப்பென்று தெரியாது, தெரிந்தபின் அளவைப் பேசக் கூடாது!

அதற்குப் பிறகு எல்லாம் போன்தான். காலையில் கூப்பிட்டால் மேனேஜர் இன்னும் வரவில்லை. மதியம் சாப்பிடப் போயிருக்கிறார். மாலையில் கூட்டம், பேச முடியாது. ஹெட் ஆபீஸ் வாட்ஸ்அப் எண் என்று ஒன்று கொடுத்தார்கள். பில், லேபிள், டேப் வைத்து அளந்த போட்டோ எல்லாம் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இன்றைக்குத்தான் அந்த "சாரி மேடம்" வந்தது. 7,450 ரூபாய்க்கு ஒரு வரி.

கடைக்காரர்கள் பக்கமும் ஒரு பிரச்சினை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஒரு விசேஷத்துக்குப் போட்டு, போட்டோ எடுத்து, மறுநாள் "பிடிக்கவில்லை" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. அதைத் தடுக்கத்தான் உலகம் முழுக்க இந்த மாதிரி டேக் போடுகிறார்கள். அமெரிக்காவில் ப்ளூமிங்டேல்ஸ் என்ற பெரிய கடை 2013இல் இதைக் கொண்டு வந்தபோது செய்திகளில் வந்தது. 150 டாலருக்கு மேற்பட்ட உடைகளில் மூன்று இஞ்ச் கறுப்பு பிளாஸ்டிக் டேக். எடுத்துவிட்டால் மறுபடி மாட்ட முடியாது, திருப்பியும் கொடுக்க முடியாது. ஆனால் அவர்கள் அதை எங்கே மாட்டினார்கள்? முன்பக்கக் கீழ் ஓரம் மாதிரி பளிச்சென்று தெரியும் இடத்தில். டேக்கோடு வீட்டில் தாராளமாகப் போட்டுப் பார்க்கலாம், கண்ணாடியில் பார்க்கலாம், உட்காரலாம், நடக்கலாம். டேக்கோடு விசேஷத்துக்குப் போக முடியாது, அவ்வளவுதான். போட்டுப் பார்ப்பதற்கும் போட்டுக்கொண்டு போவதற்கும் நடுவில் கோடு போடுவதுதான் அந்த டேக்கின் வேலை.

அதையே ஜிப்பில் மாட்டினால் போட்டுப் பார்ப்பதே நின்றுபோகிறது. ட்ரையல் ரூமையும் பூட்டிவிட்டு, ஜிப்பையும் பூட்டிவிட்டு, "ஏழு நாளில் மாற்றிக்கொள்ளலாம்" என்று வாயால் சொன்னால், அந்த ஏழு நாளுக்கு என்ன அர்த்தம்? வீட்டுக்குப் போய் வெட்டும் நிமிஷமே உங்கள் உரிமை போய்விட்டது என்கிறார்கள். இதை நான் ஏமாற்று வேலை என்றுதான் சொல்வேன்.

திருட்டைத் தடுக்கும் டேக் என்று அந்த சூப்பர்வைசர் சொன்னதும் பொய். அந்த டேக்கெல்லாம் கெட்டியாக, கனமாக இருக்கும், பில் போடும் இடத்தில் காந்தக் கருவி வைத்துக் கழற்றிவிடுவார்கள், வாசலில் தாண்டினால் கத்தும். ஜிப்பில் இருந்தது வெறும் பல் வைத்த பிளாஸ்டிக் பட்டை. வயர் கட்டுகிற டை இருக்கிறதே, அதே வேலைதான்: ஒரு பக்கம்தான் போகும், பின்னால் வராது, வெட்டினால்தான் வரும். வித்தியாசம் அந்த சீரியல் நம்பர் ஒன்றுதான். அந்த நம்பரும் என் பில்லில் இல்லை. பில்லின் பின்பக்கம் மங்கலான பொடி எழுத்தில், இங்கிலீஷில், டேக் இல்லாமல் மாற்ற முடியாது என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. எந்த டேக் என்று அதில் இல்லை. விலை அட்டை என் துணியில் இன்னமும் தொங்கிக்கொண்டுதானே இருக்கிறது?

விவரமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜிப், கொக்கி, பட்டன், நாடா, எதிலாவது டேக் பூட்டியிருந்தால் பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே இடம் மாற்றி மாட்டித் தரச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வாங்காதீர்கள். "வெட்டிக்கலாம்" என்று யார் சொன்னாலும் அதை பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ட்ரையல் ரூம் பூட்டியிருந்தால் கையோடு ஒரு டேப் கொண்டுபோய் அங்கேயே அளந்து பாருங்கள். பில்லை அன்றைக்கே இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள், அந்த வழவழப்புத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். ஆன்லைனில் எடுப்பவர்கள் பார்சல் பிரிக்கும்போதே டேக் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் செய்ய நினைப்பவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள் திருப்பிக் கொடுக்கும்போது வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். 42 என்று போட்டு 39 கொடுப்பது குறை இல்லாமல் வேறென்ன? மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போடலாம்.

நாளைக் காலையில் முதல் வேலையாக 1915க்குப் போன் போடுகிறேன். வெட்டிய டேக்கும், பில்லும், டெய்லர் அண்ணன் அளந்த போட்டோவும் எடுத்து வைத்திருக்கிறேன். 7,450 ரூபாய் வருகிறதோ இல்லையோ, என் மகளை வரிசையில் நிற்க வைத்து அந்தத் துணியை முகர்ந்து பார்த்ததற்கு அந்த மேனேஜர் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.