ஹைட்ராக்சிலைப் பிடிக்க எந்த உப்பு: குளோரைடா, புரோமைடா, அயோடைடா?

நீரில் காமா கதிர் பட்டால் ஹைட்ராக்சில் தனி உறுப்பும் (இணையில்லா எலக்ட்ரான் கொண்ட, சட்டென்று வினைபுரியும் OH துண்டு) நீரேறிய எலக்ட்ரானும் (நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த தனி எலக்ட்ரான்) ஏறக்குறைய சம அளவில் பிறக்கும். அந்த ஹைட்ராக்சிலை உப்பு போட்டுப் பிடித்து அளக்க, நான் எடுப்பது சோடியம் புரோமைடு.

ஃபுளோரைடு போட்டியிலேயே இல்லை. அதிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும் வலு ஹைட்ராக்சிலுக்குக் கிடையாது. மற்ற மூன்றும் ஹைட்ராக்சிலைப் பிடித்தபின் உருவாகும் பொருள் புற ஊதா ஒளியை உட்கவர்ந்து தடம் காட்டும்: குளோரைடு 340 நானோமீட்டரில், புரோமைடு 360இல், அயோடைடு 380ஐ ஒட்டி. இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

பிடித்தது கையில் நிற்கிறதா என்பதுதான் விஷயம். குளோரைடு ஹைட்ராக்சிலோடு சட்டென்று சேரும்; ஆனால் அந்தக் கூட்டு ஒரு நானோநொடிகூடத் தாங்காமல் பிரிந்து ஹைட்ராக்சிலைத் திருப்பிக் கொடுத்துவிடும். பக்கத்தில் அமிலம் இருந்தால்தான் நீர் கழன்று குளோரின் அணு மிஞ்சும். புரோமைடின் கூட்டும் பிரியக்கூடியதே, ஆனால் சுமார் 200 மடங்கு மெதுவாக. அப்படித் தப்பியதையும் சுற்றியுள்ள புரோமைடு மறுபடி பிடித்துவிடும். லிட்டருக்கு 10 மில்லிமோல் போட்டு, நீரேறிய எலக்ட்ரானையும் ஹைட்ராக்சிலாக மாற்றும் நைட்ரஸ் ஆக்சைடைச் செலுத்தி, காமாவுக்குப் பதில் மிகக் குறுகிய எலக்ட்ரான் கற்றைத் துடிப்பு ஒன்றை அனுப்பினால், நடுநிலை நீரிலும் ஒரு மைக்ரோநொடி வாக்கில் 360இல் உட்கவர்தல் கோடு எழும்பி நிற்கும்.

கடல்நீரில் இது அப்பட்டமாகத் தெரியும். அதில் குளோரைடு, புரோமைடைவிட 600 மடங்குக்கும் மேல். ஆனாலும் பிஎச் 8ஐ ஒட்டியிருப்பதால், அதாவது குளோரைடுக்கு வேண்டிய அமிலம் இல்லாததால், ஹைட்ராக்சிலைக் கைப்பற்றுவது பெரும்பாலும் அந்தச் சொற்பப் புரோமைடுதான். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா உலைகளுக்குள் கடல்நீரைச் செலுத்தியபோது இது வெறும் பாடப்புத்தக விஷயமாக இருக்கவில்லை. ஹைட்ரஜன் வாயுவைத் திரும்ப நீராக்கும் வேலையை ஹைட்ராக்சில்தான் தொடங்கிவைக்கிறது. அதைப் புரோமைடு பறித்துக்கொண்டால் ஹைட்ரஜன் தங்கிவிடும்.

சரி, அயோடைடு? பிடிப்பதில் குறையே இல்லை. பராமரிப்புதான் தொல்லை: காற்றும் வெளிச்சமும் பட்டால் கரைசல் மஞ்சளாகும், அந்த மஞ்சளுக்குக் காரணமான டிரை-அயோடைடு 350இல் உட்கவர்ந்து அளவீட்டில் குறுக்கே வரும். அதே டிரை-அயோடைடு ஹைட்ரஜன் பெராக்சைடை அளக்க அருமையானது. அந்த வேலைக்கு நானும் அயோடைடைத்தான் எடுப்பேன்.

குளோரைடுக்கும் இடமுண்டு. இரும்பு உப்புக் கரைசலைக் கொண்டு கதிரின் அளவை அறியும் ஃப்ரிக் அளவியில் கந்தக அமிலம் ஏற்கெனவே இருப்பதால், துளி சோடியம் குளோரைடு சேர்த்தாலே கரிம அழுக்கின் தொந்தரவு அடங்கிவிடும்.

நான் சொன்னதெல்லாம் நீர்த்த கரைசலுக்கு. மோலார் கணக்கில் (லிட்டருக்கு ஒரு மோல், அதற்கு மேல்) உப்பு ஏறினால் கதிர் நேரடியாக உப்பு அயனிகளையே தாக்கும். அங்கே எனக்கு அனுபவம் குறைவு, இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.